ஆர்வி-7: ஏர்ஸ்பீட் குறைவாகக் காட்டுகிறது. ஸ்டாடிக் போர்ட்டில் கை வைக்கலாமா?

#1 அலுமினியப்பறவை

வண்டி ஆர்வி-7, கிட்டாக வாங்கிக் கட்டும் சின்ன விமானம். கிட்டில் சொல்லியிருக்கும் பாப் ரிவெட்டுக்குப் பதிலாக, லேத்தில் கடைந்து தோலோடு மட்டமாக உட்காரும் ஸ்டாடிக் போர்ட் (வெளிக்காற்றின் அழுத்தத்தை எடுக்கும் ஓட்டை) இரண்டு பக்கமும் இருக்கிறது. பேனலில் ஒரு திரைக்கருவி, பேக்கப்புக்கு முள் வைத்த ஏர்ஸ்பீட் ஒன்று. இரண்டுக்கும் ஒரே பிட்டோ (எதிர்க்காற்றின் அழுத்தத்தை எடுக்கும் குழாய்), ஒரே ஸ்டாடிக் லைன். இரண்டும் ஒன்றுபோலவே காட்டுகின்றன.

ஆல்டிமீட்டரில் 29.92 வைத்து 5,000 அடி, வெளி வெப்பநிலை 22 டிகிரி, திரையில் 123.5 நாட். ஜிபிஎஸ் தரை வேகம்: ஹெடிங் (மூக்கு பார்க்கும் திசை) 360-ல் 154, 090-ல் 146, 180-ல் 129. மூன்றின் சராசரி 143. அதைக் காற்றின் அடர்த்திக்கு ஏற்பத் திருத்தினால் 129 வருகிறது. அப்படியானால் கருவி 5.5 நாட் குறைவாகக் காட்டுகிறது.

இரண்டு கேள்விகள். திரைக்கருவியின் செட்டப் பக்கத்தில் ஏர்ஸ்பீட் திருத்த அட்டவணை இருக்கிறது, அதிலேயே 5.5-ஐக் கூட்டிவிட்டால் போதாதா? இல்லை, போர்ட் பக்கத்தில் ஒரு சின்னத் தகடு ஒட்ட வேண்டும் என்றால் முன்னாலா, பின்னாலா, எவ்வளவு தடிமன்?

#2 நீர்மட்டம்

பசை டியூபைக் கீழே வையுங்கள். சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் கருவிப் பிழை, லீக், போர்ட் இருக்கும் இடத்தின் பிழை மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். முதல் இரண்டையும் தரையிலேயே கழித்துவிடலாம், அரை நாள் வேலை.

கருவியிலிருந்து தொடங்குங்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் அதே தெளிவான டியூப் மூன்று மீட்டர் வாங்கி, ஒரு பலகையில் ‘ப’-வைப் போல இரு கையும் மேலே நிற்கும்படி கட்டுங்கள். நடுவில் இன்ச் டேப். சாயம் கலந்த தண்ணீர், அதில் ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. சோப்பு இல்லாவிட்டால் தண்ணீர் சுவரில் ஒட்டி 2, 3 மி.மீ. ஏமாற்றும். ஒரு கையின் மேல் நுனியில் டி-இணைப்பு போட்டு, ஒரு கிளை பிட்டோவுக்கு, இன்னொரு கிளை 60 மி.லி. சிரிஞ்சுக்கு. ஸ்டாடிக் திறந்தே இருக்கட்டும்.

இரண்டு கைகளின் நீர்மட்ட வித்தியாசம் இப்படி வர வேண்டும்: 60 நாட்டுக்கு 60 மி.மீ., 80-க்கு 106, 100-க்கு 166, 120-க்கு 240, 140-க்கு 328, 160-க்கு 430. ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை படியுங்கள். முள் கருவியில் இரண்டுக்கும் 2 நாட் வித்தியாசம் வந்தால் அது உள்ளே இருக்கும் உராய்வு. கண்ணாடியில் விரலால் தட்டிவிட்டுப் படியுங்கள்.

அடுத்தது பிட்டோ லீக். உங்கள் நோய்க்கு இதுதான் முதல் சந்தேகம், ஏனென்றால் பிட்டோவில் கசிவு இருந்தால் வேகம் குறைவாகவே காட்டும். ரப்பர் டியூபை பிட்டோ மேல் இறுக்கமாகச் செருகி, மறுமுனையை மடித்து, பற்பசை டியூபைச் சுருட்டுவதுபோல் மெதுவாகச் சுருட்டுங்கள். 150 நாட் வந்ததும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் 10 நாட்டுக்கு மேல் இறங்கக் கூடாது என்பது அமெரிக்க விமானத் துறை எஃப்ஏஏவின் ஏசி 43.13 கையேடு சொல்லும் அளவு. நல்ல லைனில் 2 நாட் கூட இறங்காது. கம்ப்ரஸர் காற்றெல்லாம் வேண்டவே வேண்டாம், கருவிக்குள் இருக்கும் மெல்லிய டயாஃப்ரம் போய்விடும்.

ஸ்டாடிக்கை உறிஞ்சித்தான் சோதிக்க வேண்டும், ஊதக் கூடாது. ஒரு பக்க போர்ட்டை டேப்பால் மூடி, மறுபக்கத்தில் உறிஞ்சுகோப்பையோடு சிரிஞ்ச். ஆல்டிமீட்டர் 1,000 அடி ஏறும்வரை இழுத்து, அடைத்து, ஒரு நிமிடம் பாருங்கள். எஃப்ஏஏ விதி பார்ட் 43-ன் பின்னிணைப்பு ‘இ’ அனுமதிப்பது 100 அடி இறக்கம். ஐஎஃப்ஆர் (கருவிகளை மட்டும் நம்பி) பறக்காதவர்களுக்கும் அதுவே நல்ல அளவுகோல். திரைக்கருவி மட்டும் உள்ள லைன் என்றால் ஒரே இழுப்பு போதும். பழைய வட்டக் கருவிகளின் கூடு பெரிது, இரண்டு மூன்று இழுப்பு வேண்டும்.

இங்கே பலர் சறுக்கும் ஒரு இடம் உண்டு. பிட்டோவைத் திறந்து வைத்து ஸ்டாடிக்கில் 1,000 அடி உறிஞ்சினால், ஏர்ஸ்பீட் முள்ளும் 148 நாட் பக்கம் ஓடும். 120 வரைக்குமே குறி உள்ள கருவியில் அது மெக்கானிசத்தையே வளைத்துவிடும். பிட்டோவையும் ஸ்டாடிக்கையும் டி போட்டுச் சேர்த்து உறிஞ்சுங்கள், முள் சுழியத்திலேயே நிற்கும். விடும்போதும் மெதுவாக. வெர்டிகல் ஸ்பீட் நிமிடத்துக்கு 2,000 அடியைத் தாண்டாதபடி.

#3 மூன்றுகோடு

நீர்மட்டம் சொன்னதோடு ஒன்று: உங்கள் 143-ம் தவறு.

360-ம் 180-ம் எதிரெதிர், அதில் முன்காற்றும் பின்காற்றும் ஒன்றையொன்று கழித்துவிடும். 090-க்கு எதிர்க்கால் (எதிர்த் திசையில் ஒரு பறப்பு) இல்லை. அந்த 146-க்குள் 4 நாட் பின்காற்று ஒளிந்திருக்கிறது. மூன்றையும் சேர்த்துச் சராசரி எடுத்ததால் அது உங்கள் வேகமாகிவிட்டது. சரி, 360-ஐயும் 180-ஐயும் மட்டும் சராசரி எடுத்தால் சரியாகிவிடுமா என்றால், குறுக்குக்காற்று பலமாக இருந்தால் அதுவும் பொய் சொல்லும். 141 நாட் வண்டிக்கு 25 நாட் குறுக்குக்காற்று அடித்தால் இரண்டு பக்கமும் தரை வேகம் 143 காட்டும்.

மூக்கை மூன்று திசையில் 90 டிகிரி இடைவெளியில் வைத்துப் பறந்திருந்தால் கணக்கு இப்படி. 154-ன் வர்க்கத்தையும் 129-ன் வர்க்கத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 20,178.5. இதை ‘க’ என்று வையுங்கள். அதே இரண்டு வர்க்கங்களின் வித்தியாசத்தை நாலால் வகுத்தால் 1,768.75, இது ‘ச’. 146-ன் வர்க்கத்தில் ‘க’-வைக் கழித்து இரண்டால் வகுத்தால் 568.75, இது ‘ட’. ‘ச’, ‘ட’ இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி நாலால் பெருக்கி, ‘க’-வின் வர்க்கத்திலிருந்து கழித்து, வர்க்கமூலம் எடுத்தால் 19,833.4. அதோடு ‘க’-வைக் கூட்டி இரண்டால் வகுத்து மறுபடி வர்க்கமூலம்: 141.4 நாட். காற்று 13 நாட்.

5,000 அடி, 22 டிகிரிக்கு அடர்த்தி விகிதம் 0.812. வர்க்கமூலம் 0.901. ஆக சிஏஎஸ் (பிழையில்லாத கருவி காட்ட வேண்டிய வேகம்) 127.5. பிழை 5.5 இல்லை, 4.

காம்பஸ் மேல் நம்பிக்கை இல்லையென்றால் ஹெடிங்கை விட்டுவிட்டு ஜிபிஎஸ் ட்ராக்கையும் (தரைமேல் போகும் திசை) தரை வேகத்தையும் எழுதுங்கள். வரைபடத் தாளில் ஒரு புள்ளியிலிருந்து ஒவ்வொரு ட்ராக் திசையிலும் அந்த வேகத்தின் நீளத்துக்குக் கோடு போட்டு, மூன்று நுனிகளின் வழியாகவும் ஒரு வட்டம் போடுங்கள். வட்டத்தின் ஆரம்தான் உங்கள் டிஏஎஸ் (காற்றுக்குள் உண்மையான வேகம்), தொடங்கிய புள்ளியிலிருந்து வட்டமையம் வரை உள்ள தூரம்தான் காற்று. நாலாவது கால் பறந்தால் அந்த நுனியும் வட்டத்தின் மேலேயே விழ வேண்டும். விழாவிட்டால் இடையில் காற்று மாறியிருக்கிறது, தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி பறக்க வேண்டியதுதான். மூன்று காலில் இந்தச் சோதனை கிடையாது. அதனால் நாலு காலே பறந்துவிடுங்கள்.

பறக்கும் விதமும் முக்கியம். விடியற்காலை, வெயில் தரையைக் காய்ச்சும் முன். ஒவ்வொரு காலிலும் ஒரு நிமிடம் நிலைப்படுத்திவிட்டு, அதன்பின் 30 விநாடிக்குப் பதிவு. உயரத்தை இறுகப் பிடியுங்கள்: இந்த வேகத்தில் 10 அடி இறங்கினாலே 0.8 நாட் சும்மா கிடைத்துவிடும். வெளி வெப்பநிலை சென்ஸர் 3 டிகிரி தவறாக இருந்தால் 0.65 நாட் தவறு. இன்ஜின் மூடியான கவுலிங்கின் சூடான காற்று படும் இடத்திலோ வெயில் விழும் இடத்திலோ அதை வைத்திருந்தால் முதலில் இடம் மாற்றுங்கள். காற்று உராய்வாலேயே 140 நாட்டில் சென்ஸர் ஏறக்குறைய 2 டிகிரி கூடுதலாகக் காட்டும், கருவி அதைத் திருத்துகிறதா என்று மேனுவலில் பாருங்கள்.

#4 ரிவெட்தலை

“தோலோடு மட்டமாக உட்காரும்” என்று படித்ததுமே பாதி பதில் தெரிந்துவிட்டது.

ஆர்வியின் ஸ்டாடிக் என்பது பாப் ரிவெட்டின் ஆணியைத் தட்டி எடுத்துவிட்ட ஓட்டை. பார்ப்பதற்குக் கஞ்சத்தனம் மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் குவிந்த தலைக்கு ஒரு வேலை இருக்கிறது. பின் உடலில், வால் நோக்கி ஒடுங்கும் இடத்தில் காற்று கொஞ்சம் வேகம் குறைந்து, அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் கூடுகிறது. ரிவெட் தலை மேல் ஏறிப் போகும் காற்று அந்த இடத்தில் மட்டும் வேகம் பிடித்து அழுத்தத்தைக் குறைக்கிறது. இரண்டும் ஏறக்குறைய சமனாகிவிடும். தலையைச் சீவி மட்டமாக்கினால் கூடுதல் அழுத்தம் அப்படியே உள்ளே போகும். ஸ்டாடிக் கூடினால் ஏர்ஸ்பீட் குறையும், ஆல்டிமீட்டரும் குறையும்.

போர்ட் பளபளவென்று இருப்பதால் சரியாக இருக்கும் என்று அர்த்தமில்லை. பெயின்ட் கடைக்காரர் ரிவெட் தலையைச் சுற்றி ஃபில்லர் பூசி வழவழப்பாக்கிவிட்டால் கூட இதே நோய் வரும்.

#5 அலுமினியப்பறவை

எல்லாம் பார்த்தாயிற்று. பிட்டோ ஒரு நிமிடத்தில் 1 நாட். ஸ்டாடிக் 40 அடி. தண்ணீர் மானோமீட்டரில் திரைக்கருவி 120-ல் 119 காட்டுகிறது, 140-ல் 139.

நாலு கால் மறுபடி பறந்ததில் சிஏஎஸ் 127.5-தான். கருவியின் 1 நாட்டைக் கூட்டினால் 124.5. ஆக போர்ட்டின் பங்கு 3 நாட் மட்டும். 5.5-ல் தொடங்கி 3-க்கு வந்து நிற்கிறது.

#6 பின்காற்று

3 நாட் என்றால் விட்டுவிடுங்கள் என்பேன். 2017-க்கு முன்பிருந்த எஃப்ஏஏவின் பார்ட் 23 (சிறு விமானங்களுக்கான) விதியில் ஏர்ஸ்பீடுக்கு 3 சதவீதம் அல்லது 5 நாட், இரண்டில் எது பெரிதோ அதுவரை அனுமதி. ஆல்டிமீட்டருக்குக் கடல் மட்டத்தில் 100 நாட்டுக்கு 30 அடி. உங்களுக்கு வருவது 127-ல் 34 அடி, வரம்பு 38. தொழிற்சாலை விமானமே இதற்குள் இருந்தால் போதும், நாமே கட்டும் எக்ஸ்பெரிமென்டலுக்கு அந்தக் கட்டாயம் கூட இல்லை. ஒரு அட்டவணை போட்டு பேனலில் ஒட்டிவிட்டு பறங்கள்.

#7 ரிவெட்தலை

பின்காற்று சொல்லும் எண்கள் சரி, முடிவோடு ஒத்துப்போகவில்லை. பிழை எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

போர்ட் இருக்கும் இடத்தால் வரும் பிழை டைனமிக் அழுத்தத்தில் (வேகத்தால் வரும் அழுத்தம்) ஒரு நிலையான பங்கு. இவருக்கு 127-ல் 122 பாஸ்கல், அதாவது 12.5 மி.மீ. தண்ணீர். டைனமிக் அழுத்தத்தில் 4.6 சதவீதம். பங்கு மாறாததால் நாட் கணக்கில் பிழை வேகத்தோடு கூடிக்கொண்டே போகும்: 80-ல் 2, 160-ல் 3.7, 200-ல் 4.7. ஆர்வி-7-ன் விஎன்இ (தாண்டவே கூடாத வேகம்) மணிக்கு 230 மைல், அதாவது 200 நாட். இறக்கத்தில் முள் 195-ஐத் தொடும்போது வண்டி ஏற்கெனவே சிவப்புக் கோட்டில் நிற்கிறது. கருவியின் 1 நாட்டையும் சேர்த்தால் 194. கூடுதலாகக் காட்டும் பிழை என்றால் நானும் விட்டுவிடச் சொல்வேன். குறைவாகக் காட்டுவது ஆபத்தான பக்கம்.

#8 பின்காற்று

சரி, அந்தக் கோணத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்டால் (வேகம் போதாமல் இறக்கை தூக்குவிசையை இழப்பது) பக்கத்தில் இவருக்குக் குறைவாகக் காட்டுவது பாதுகாப்பான பக்கம் என்பதையும் எழுதிவையுங்கள். தகடு ஒட்டியபின் அந்தக் கூடுதல் இடைவெளி போய்விடும், அப்ரோச் வேகம் பழைய எண்ணிலேயே பறந்தால் உண்மையில் 1, 2 நாட் மெதுவாக வருவீர்கள்.

#9 அலுமினியப்பறவை

அப்படியென்றால் திரைக்கருவி அட்டவணையில் 3-ஐப் போட்டுவிட்டால் விஎன்இ பிரச்சினையும் தீர்ந்ததே?

#10 நீர்மட்டம்

எண் மட்டும் அழகாகிவிடும், லைனுக்குள் இருக்கும் அழுத்தம் தவறாகவே இருக்கும். அந்த 122 பாஸ்கல் ஏர்ஸ்பீடோடு நிற்பதில்லை. 5,000 அடியில் அது 41 அடி உயரம். உங்கள் ஆல்டிமீட்டர், ட்ரான்ஸ்பாண்டருக்கு உயரம் கொடுக்கும் என்கோடர், ஆட்டோபைலட்டின் உயரப் பிடிப்பு, பேக்கப் முள் எல்லாம் அதே லைனில் தொங்குகின்றன. திரையின் ஏர்ஸ்பீடை மட்டும் திருத்தினால் பேக்கப் முள்ளும் திரையும் ஒத்துப்போகாது. ஒருநாள் திரை அணைந்தால் எதை நம்புவது?

கருவியின் சொந்தப் பிழையான அந்த 1 நாட்டை அட்டவணையில் போடுங்கள். அது அதற்கான இடம். போர்ட்டின் 3 நாட்டைப் போர்ட்டிலேயே தீருங்கள்.

#11 ரிவெட்தலை

சரி, தகடு.

முன்னால் வைத்தால் முள் ஏறும், பின்னால் வைத்தால் முள் இறங்கும். இந்த ஒரு வரி போதும். ஓட்டைக்கு முன்னால் ஒரு சின்ன மேடு இருந்தால் ஓட்டை அதன் நிழலில் விழுகிறது, அழுத்தம் குறைகிறது, ஏர்ஸ்பீட் கூடுகிறது. பின்னால் மேடு இருந்தால் காற்று அதில் முட்டித் தேங்கி அழுத்தம் கூடுகிறது. உங்களுக்கு வேண்டியது முன்னால்.

அதற்கும் முன் ஓட்டையையே ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். விளிம்பில் பிசிறு இருக்கிறதா, யாராவது டீபர் (பிசிறு நீக்கம்) செய்கிறேன் என்று சாய்வாகக் கடைந்திருக்கிறார்களா, மெழுகு அடைத்திருக்கிறதா. ஒரு பக்கப் பிசிறு தகடு செய்யும் வேலையை அதுவே செய்யும், அதுவும் வலம் இடம் வெவ்வேறாக. விளிம்பு கூர்மையாகவும் தோலுக்குச் செங்குத்தாகவும் இருக்க வேண்டும்.

சோதனைக்கு அலுமினிய ஃபாயில் டேப். பசையோடு சேர்த்து ஒரு அடுக்கு 0.1 மி.மீ. பக்கம் வரும், உங்கள் டேப்பை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். 13 மி.மீ. நீளம், 3 மி.மீ. அகலத்தில் பட்டைகள் வெட்டி அடுக்குங்கள். நீளப் பக்கம் காற்றுக்குக் குறுக்கே, அதாவது மேலிருந்து கீழாக நிற்க வேண்டும். பட்டையின் பின்விளிம்புக்கும் ஓட்டையின் முன்விளிம்புக்கும் 3 மி.மீ. இடைவெளி. ஓட்டை பட்டையின் நடு உயரத்தில். ஒரு அட்டையில் ஸ்டென்சில் வெட்டி வலத்துக்குப் போட்டதையே கண்ணாடி பிம்பம்போல் இடத்துக்கும் போடுங்கள். கண் அளவில் ஒட்டினால் இரண்டு பக்கமும் ஒன்றாக வராது.

6 அடுக்கில் தொடங்குங்கள். பறந்து, சிஏஎஸ் எடுத்து, மீதிப் பிழையைக் குறித்து, இறங்கி, 3 அடுக்கு கூட்டி, மறுபடி. இரண்டு புள்ளி கிடைத்தால் மூன்றாவதை விகிதத்தில் ஊகிக்கலாம். ஒரே நேரத்தில் தடிமனையும் இடைவெளியையும் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும்.

இவ்வளவு மெல்லிய பட்டை என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு: மூக்கிலிருந்து 4.5 மீட்டர் பின்னால், 127 நாட்டில், தோலோடு ஒட்டி இழுபடும் காற்றுப் படலம் கணக்குப்படி 5, 6 செ.மீ. தடிமன். பட்டை அதன் அடியில், வெளிக்காற்றின் பாதி வேகமே உள்ள இடத்தில் நிற்கிறது. அதனால்தான் 1 மி.மீ.க்கும் குறைவான பட்டையால் பெரிய இழுவையும் வராது. தேவைப்படும் 4.6 சதவீதமும் பெரிய எண் இல்லை.

#12 பின்காற்று

சேர்க்க வேண்டியவை. ஒரே வேகத்தில் மட்டும் சரிசெய்துவிட்டு நிறுத்தாதீர்கள். 80, 100, 127, 150, நாலிலும் எடுங்கள். பிழை வேகத்தோடு சீராகக் கூடினால் போர்ட்டின் இடம். எல்லா வேகத்திலும் ஒரே 2 நாட் என்றால் கருவியை மறுபடி பாருங்கள். ஹீட்டரையும் வென்ட்டையும் திறந்து மூடும்போது ஆல்டிமீட்டர் அசைந்தால் காக்பிட்டுக்குள் லீக் இருக்கிறது. காக்பிட் அழுத்தம் பெரும்பாலும் வெளியைவிடக் குறைவு, ஆகவே அந்த லீக் முள்ளை ஏற்றும். உங்கள் குறைவோடு அது சேர்ந்து ஒன்றையொன்று மறைத்துவிடவும் கூடும்.

மெதுவான வேகத்தில் பிழை திசை மாறினால் பயப்பட வேண்டாம். மூக்கு தூக்கும்போது உடலைச் சுற்றிப் போகும் காற்றும் மாறும், பிட்டோ சாய்வும் மாறும். விளிம்பு கூர்மையான பிட்டோ 10 டிகிரி சாய்வைப் பொறுத்துக்கொள்ளும், உருண்ட விளிம்பு அவ்வளவு பொறுக்காது. பவரோடு ஒருமுறை, ஐடிலில் இறங்கிக்கொண்டே ஒருமுறை பாருங்கள். ப்ரொப்பெல்லர் காற்று சுழன்று வருவதால் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் இருக்காது.

சறுக்கல் காட்டும் கருவியின் பந்தை ஒரு அகலம் வெளியே தள்ளி, இரண்டு பக்கமும் சைட்ஸ்லிப் (பக்கவாட்டுச் சறுக்கல்) கொடுத்துப் பாருங்கள். வலத்துக்கும் இடத்துக்கும் ஏர்ஸ்பீட் வெவ்வேறாகத் தாவினால் ஒரு போர்ட் அடைத்திருக்கிறது அல்லது பட்டைகள் சமமாக இல்லை.

ஜிபிஎஸ்ஸை நம்பாமல் சரிபார்க்க வேண்டுமென்றால் ரன்வே மேல் தாழப் பறப்பது பழைய வழி. ரன்வேயில் நிற்கும்போது ஆல்டிமீட்டர் காட்டியதைக் குறித்து, ஒரு இறக்கை அகலத்துக்கு மேல், ஆர்வி-7-க்கு 25 அடிக்கு மேல், 80, 120, 150-ல் கடந்து படியுங்கள்.

#13 மூன்றுகோடு

அதை நான் சொல்ல மாட்டேன். 80-ல் எதிர்பார்க்கும் வித்தியாசமே 13 அடி, 150-ல் 46. உண்மையில் எந்த உயரத்தில் கடந்தோம் என்பதைத் தரையிலிருந்து ஒருவர் படம் எடுத்து, இறக்கை அகலத்தை அளவுகோலாக வைத்துக் கணக்கிட்டால்தான் அர்த்தம். தனியாக 25 அடியில் 150 நாட்டில் போய்க்கொண்டு ஆல்டிமீட்டரைப் படிப்பது வேண்டாத வேலை. ஜிபிஎஸ் நாலு கால் 5,000 அடியில் அதைவிடத் துல்லியம். வண்டியின் பாதிப்பே இல்லாத ஸ்டாடிக் வேண்டுமென்றால் பின்னால் இழுத்துப் போகும் கோன் இருக்கிறது, ஆனால் 3 நாட்டுக்காக அதைச் செய்வது கொசுவுக்குக் கோடாலி.

இன்னொன்று, கணக்கில் பயன்படுத்தும் 5,000 அடியே தவறான ஸ்டாடிக்கிலிருந்து வருகிறதே என்று யாராவது கேட்பார்கள். 41 அடியால் சிஏஎஸ் மாறுவது 0.1 நாட். விட்டுவிடலாம்.

#14 பின்காற்று

படம் எடுக்க ஆள் இல்லாமல் செய்யக் கூடாது, சரி. அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

#15 அலுமினியப்பறவை

6 அடுக்கு: 127-ல் மீதி 1.2 குறைவு. 9 அடுக்கு: 0.3 குறைவு. 9-ல் மற்ற வேகங்கள்: 80-ல் 0.5 கூடுதல், 100-ல் சரி, 150-ல் 0.6 குறைவு. எல்லாம் கருவியின் 1 நாட்டைக் கழித்தபின். சைட்ஸ்லிப்பில் வலம் இடம் ஒன்றுபோல. நிரந்தரமாக்க என்ன செய்வது? போர்ட்டையே எடுத்துவிட்டு ரிவெட் போடுவதும் ஒரு வழிதானே?

#16 ரிவெட்தலை

ரிவெட்டுக்குத் திரும்புவது நல்ல வழி. ஆனால் மட்டப் போர்ட்டுக்காகப் பெரிதாக்கிய ஓட்டையை உள்பக்கமாகத் தகடு வைத்து அடைத்துவிட்டு மறுபடி துளைக்க வேண்டும், அதன்பின் மொத்தச் சோதனையும் புதிதாக. இப்போது கையில் ஒரு வேலை செய்யும் தடிமன் இருக்கிறது. 0.032 இன்ச் தகடு 0.8 மி.மீ., எபாக்ஸி ஒரு அடுக்கோடு உங்கள் 9 அடுக்குக்குச் சரியாக வரும். இரண்டு பட்டையையும் ஒரே தகட்டிலிருந்து சேர்த்துப் பிடித்து வெட்டி அரத்தில் தேயுங்கள், நுனிகளை மட்டும் உருட்டுங்கள். ஓட்டை பக்கம் பார்க்கும் பின்விளிம்பை உருட்ட வேண்டாம், நிழல் விழுவதே அந்த விளிம்பால்தான். பெயின்டைச் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து ஒட்டுங்கள். ஓட்டைக்குள் ஒரு டூத்பிக் செருகி வைத்தால் எபாக்ஸி வழிந்து உள்ளே போகாது. இறுகும் முன் சுழற்றி எடுத்துவிடுங்கள்.

#17 நீர்மட்டம்

ஒட்டியபின் மறுபடி ஸ்டாடிக் லீக், மறுபடி நாலு கால் ஒரு தடவை. லைனின் மிகத் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் தங்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். போர்ட்டிலிருந்து டியூப் முதலில் மேலே ஏறி வளைந்துதான் முன்னால் போக வேண்டும், இல்லையென்றால் மழையில் நின்ற வண்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் முழு லைனையும் அடைத்துவிடும்.

பதிவேட்டில் தகட்டின் அளவு, ஓட்டையிலிருந்து தூரம், சோதனை நாளின் எண்கள் மூன்றையும் எழுதுங்கள். அடுத்து பெயின்ட் அடிக்கும் ஆள் அதைத் தேவையில்லாத துண்டு என்று சுரண்டிவிடுவார். வேகத் திருத்த அட்டவணையைப் புதிதாக அச்சடித்து பழையதை எடுத்துவிடுங்கள்.

மூடப் பயன்படுத்தும் டேப் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத்தில், நுனியில் ஒரு முழம் ரிப்பன் தொங்க. 1996 அக்டோபர் 2-ல் ஏரோபெரு 603 விமானத்தைக் கழுவியவர்கள் ஸ்டாடிக் போர்ட் மேல் ஒட்டிய டேப்பை எடுக்காமல் விட்டார்கள். இரவு, கடல் மேல், ஏர்ஸ்பீடும் ஆல்டிமீட்டரும் பொய். அந்த 757-ல் இருந்த 70 பேரும் இறந்தார்கள். உங்கள் டேப்பை எடுத்ததும் லீக் ஷீட்டில் “வலம் எடுத்தது, இடம் எடுத்தது” என்று தனித்தனியாக டிக் போடுங்கள்.